வெள்ளானூர் சிஸ்டரிடம் கேட்ட ஐந்து கேள்விகள்

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். இங்கிலீஷில் பஸ் போர்டு படிக்கவே எழுத்துக் கூட்ட வேண்டும். அப்படிப்பட்ட எனக்கு ஸ்பானிஷ் மொழியில் ஐந்து கேள்விகள் தெரியும் என்றால், மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. ஐந்தும் நோயாளியிடம் கேட்கிற கேள்விகள். உடம்பு எப்படி இருக்கிறது, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, ரொம்ப வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா. அவ்வளவுதான். அந்த மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட எனக்குத் தெரியாது. பதில் சொன்னாலும் புரியாது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போன பிறகு நான் பஸ் பிடித்து ஆவடிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வெள்ளானூர் போவேன். அங்கே கன்னியாஸ்திரிகள் வீடு ஒன்று இருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை எனக்கு அங்கே வேலை. வயதான ஒரு சிஸ்டரைக் குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது, துணி மாற்றுவது, பக்கத்தில் இருப்பது.

அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அந்த வருஷம் மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், குளிக்கும்போது, என் இடது மார்பில் சோப்பு வழுக்கிக்கொண்டு போன இடத்தில் விரல் நின்றது. உள்ளே ஒரு கட்டி. வேர்க்கடலை அளவு. அழுத்திப் பார்த்தேன், வலியே இல்லை. என் சின்னம்மா ஒருத்தி இதே மாதிரி ஒன்றில்தான் செத்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் வீட்டில் "அவளுக்கு உடம்பு சரியில்ல" என்பதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த பிறகு குளிப்பாட்டிய பெண்கள்தான் எங்களிடம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். கால் வலி என்றால் தெரு முழுக்கச் சொல்லலாம். மாரில் கட்டி என்று புருஷனிடம்கூடச் சொல்ல வாய் வராது.

நான் மாதாவிடம் சொன்னேன். அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

சிஸ்டர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாதா கெபி உண்டு, கல்லில் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை வைத்தது. மே மாதம் அங்கே சின்னத் திருநாள் நடக்கும். கடை போடுவார்கள். கண், காது, கால், கை, வயிறு, இருதயம் என்று உறுப்பு உறுப்பாகத் தகட்டில் வெட்டி விற்பார்கள். எந்த உறுப்பில் நோயோ அந்தத் தகட்டை வாங்கிக் கெபிப் பெட்டியில் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் வந்து போடுவார்கள். எனக்கு வேண்டியதும் அந்தக் கடையில் இருந்தது. ஓரமாக, மற்ற தகடுகளுக்குக் கீழே பாதி மறைந்து. கடைக்காரர் ஆம்பளை. எனக்குப் பின்னால் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாமா வேணும்?"

"கை ஒண்ணு குடுங்க."

"இந்தா."

"இடது கை."

"திருப்பிப் புடிச்சா எல்லாம் எடது கைதாம்மா!" என்றார். பின்னால் நின்றவரும் சிரித்தார்.

நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கெபி வரைக்கும் நடந்ததில் அதன் சுண்டுவிரல் மடங்கிப் போயிருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன், வரவில்லை. "மாதாவே, நான் கையைப் போட்டாலும் உமக்கு எதுவென்று தெரியும்" என்று சொல்லிப் பெட்டியில் போட்டேன். பெற்ற தாயிடம் பொய் சொன்ன மாதிரி அன்று முழுக்க இருந்தது. கட்டி அங்கேயேதான் இருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் பாதாம் கொட்டை அளவுக்கு வந்துவிட்டது.

இனி அந்த சிஸ்டர்.

ஸ்பெயினிலிருந்து சின்ன வயதில் வந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளானூரில் ஒரு மருந்தகம் நடத்தியவர். டாக்டர் இல்லை, நர்ஸ்தான். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அவர்தான் டாக்டர். சிஸ்டர்கள் வீட்டு வாட்ச்மேன் அண்ணன் அந்த ஊரிலேயே பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். அவர் சொல்வார்: "ஊசிக்காரம்மாவுக்கு எங்க ஊர்ல ஒருத்தன் மூஞ்சி மறந்து பூடும் தங்கச்சி. குண்டி மறக்காது. அத்தினி பேருக்கும் குத்திக் கீறாங்க!" வெள்ளைக்காரர் என்றாலும் பேச்சு வெள்ளானூர்ப் பேச்சுதானாம். "இன்னா நைனா, மாத்திரை துன்னியா, இல்ல கோழிக்குப் போட்டியா?" என்று கேட்பாராம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. அதோடு தமிழும் போயிற்று, இங்கிலீஷும் போயிற்று. பிறந்த பாஷை மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் சில வார்த்தைகள்.

ஆகஸ்ட் வாக்கில் முனக ஆரம்பித்தார். காலை பத்து மணிக்குத் தொடங்கும். தூரத்து வயலில் பம்ப்செட் ஓடுகிற மாதிரி ஏற்றம் இறக்கம் இல்லாத சத்தம். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் நிற்காது. கஞ்சியைத் தள்ளிவிடுவார். வாரம் இரண்டு நாள் வருகிற டாக்டர் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும். இந்த வயசுல உத்தேசமா எதையும் குடுக்கக் கூடாது" என்றார்.

அந்த வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்தவர் மதர் ஒருவர்தான். தலைமை சிஸ்டரை நாங்கள் மதர் என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஸ்பெயினில் மூன்று வருஷம் இருந்து படித்தவர். ஆனால் அவர் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. எட்டரைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவார். முனகல் வருகிற நேரத்தில் அவர் இருக்க முடியாது. அதனால் ஒரு நாள் என்னை உட்கார வைத்து, ஒரு தாளில் தமிழ் எழுத்தில் அந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்தார்.

"கோமோ ஸே ஸியெந்தே. உடம்பு எப்படி இருக்கு. தோந்தே லே துவேலே. எங்க வலிக்கு. இதுதான் முக்கியம். அவங்க 'ஆகீ'ன்னு சொல்லித் தொட்டுக் காட்டுவாங்க. நீ அந்த இடத்தைக் குறிச்சு வச்சாப் போதும்."

"மீதி?"

"தெஸ்தே குவாந்தோ. எத்தனை நாளா. லே துவேலே முச்சோ. ரொம்ப வலிக்கா. ஆ கொமீதோ. சாப்பிட்டீங்களா."

"நான் சொன்னா அவங்களுக்குப் புரியுமா மதர்?"

"சேசு பேசினது நம்ம எல்லாருக்கும் புரியலையா? நீ சொல்லு."

அடுப்படியில் நின்று ஜெபம் மாதிரி மனப்பாடம் பண்ணினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே முணுமுணுத்துகினு கீற? எனக்குச் செய்வினை எதுனா வைக்கிறியா?"

"ஸ்பானிஷ்."

"துன்றதா, உடுத்துறதா?"

"பேசுறது. தோந்தே லே துவேலே."

"அய்யய்யே, எங்க பட்டறையில பெல்ட் அறுந்தா இந்தச் சத்தம்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சோறு கேட்கிறதுக்குப் பதிலாக "தோந்தே தோந்தே" என்று தட்டைத் தட்டினார். பிள்ளைகள் புரையேறச் சிரித்தன. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது இடது பக்கம் முழங்கையால் லேசாக அணைத்துக்கொள்வது எனக்கு அப்போதே பழக்கமாகிவிட்டிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு முனகல் தொடங்கியதும் நாற்காலிக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"தோந்தே லே துவேலே, சிஸ்டர்?"

முனகல் பட்டென்று நின்றது. என்னைப் பார்த்தார். யாரோ இறந்துபோனவர் குரலை என் வாயிலிருந்து கேட்ட மாதிரி பார்த்தார். தொட்டுக் காட்டவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி, சுவரோரம் இருந்த பெஞ்சைப் பார்த்து, நான் கேட்டதையே தானும் கேட்டார்.

"தோந்தே லே துவேலே?"

அந்தப் பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்தகத்தை மூடியபோது சாமான்களை எல்லாம் கொடுத்துவிட்டு, நோயாளிகள் வரிசையாக உட்காரும் அந்த நீளப் பெஞ்சை மட்டும் அவர் அறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆறு பேர் உட்காரலாம். மரம் ஆறு இடத்தில் வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கும்.

கேட்டுவிட்டு சிஸ்டர் காத்திருந்தார். ஒருத்தர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். நடுவில் "சீ, சீ" என்றார். அவர்கள் பாஷையில் ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். அப்புறம் கண் அடுத்த குழிக்கு நகர்ந்தது. திரும்பவும் அதே கேள்வி. திரும்பவும் காத்திருப்பு. பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. ஆறு பேரையும் கேட்டு முடிக்கிற வரைக்கும் நான் முட்டி போட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் முனகல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

மதரிடம் சொன்னேன். "முப்பது வருஷம் கேட்ட கேள்வி இல்லையா, மனசுல ஓடிக்கிட்டிருக்கும். நீ விடாமக் கேளு" என்றார்.

விடாமல் கேட்டேன். தினமும் இதேதான். ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். சிஸ்டர் முகம் சுளித்து, இடது கையால் தள்ளிப் போ என்று சைகை காட்டினார். நகர்ந்தேன். இன்னும் தள்ளு என்றார். கடைசிக் குழியையும் தாண்டி ஓர நுனிக்கு வந்ததும் சரி என்று தலையசைத்தார். பக்கத்தில் இருக்கிற காலி இடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு தரையையே பார்த்தேன்.

வாய் வார்த்தையில் ஆகாது, எதையாவது கையில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் கெபிப் பெட்டியில் இருக்கும் தகடுகள் ஞாபகம் வந்தன. கண்ணும் காலும் கையுமாக ஒரு தட்டில் பரப்பி வைத்தால், எது வலிக்கிறதோ அதை எடுப்பார் இல்லையா?

மதருக்கு முதலில் பிடிக்கவில்லை. "மாதாவுக்குப் போட்டதைத் திருப்பி எடுக்கலாமாம்மா?"

"எடுத்துட்டுப் போகப் போறதில்லையே மதர். கேட்டுட்டுத் திருப்பிப் போட்டுருவேன். இத்தனை வருஷம் ஊருக்கு வைத்தியம் பார்த்தவங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

யோசித்து, சாவியைக் கொடுத்தார். அலுமினியத் தட்டில் பெட்டியைக் கவிழ்த்தபோது எனக்கே உடம்பு கூசியது. கறுத்தது, பளபளப்பானது, துரு ஏறியது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அழுது கொண்டுவந்து போட்ட நோய். அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்களோ. இத்தனை பேர் நோயையும் மாதாவின் காலடியிலிருந்து வெளியே எடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். என் கையும் அந்தக் குவியலில் எங்கோ இருந்தது. தேட எனக்கு மனசு வரவில்லை.

தட்டை சிஸ்டர் மடியில் வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை வேறு மாதிரி நடந்தது. விரலால் துழாவி ஒரு காலை எடுத்தார். "ஆகீ" என்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் காலைத் தொடவில்லை. தகட்டை என்னிடம் கொடுத்து, பெஞ்சின் கடைசி இடத்தைக் காட்டினார். கொண்டுபோய் வைத்தேன். அடுத்து ஒரு கண். அது மூன்றாவது இடத்துக்கு. அப்புறம் ஒரு வயிறு, முதல் இடத்துக்கு. மறுநாளும் அதே கால் கடைசி இடத்துக்குத்தான், அதே கண் மூன்றாவது இடத்துக்குத்தான் போயின. அதற்கு மறுநாளும். ஒரு நாள்கூட மாறவில்லை.

வாட்ச்மேன் அண்ணன் இளநீர் வெட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு வச்சது இத?"

"சிஸ்டர்தாண்ணே வைக்கச் சொன்னாங்க."

"அந்தக் கால்... எங்க அண்ணன் அந்தக் கோடியிலதான் குந்துவான் தங்கச்சி. கால்ல ஆறாத புண்ணு. நாத்தம் அடிக்கும்னு தள்ளிக் குந்துவான். செத்து எத்தினியோ வருசம் ஆவுது." இளநீரை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு எதுவாக இருந்தாலும் வாசலில் நின்று கூப்பிட்டுத்தான் கொடுப்பார்.

எனக்கும் இதை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் சிஸ்டர் இளைத்துக்கொண்டே போனார். டாக்டர் வரும்போதெல்லாம் "ஏதாவது காட்டினாங்களா?" என்று கேட்டார். செத்தவர்களின் வலியை எல்லாம் காட்டுகிறார், தன்னுடையதை மட்டும் காட்டவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எல்லாரும் முடிந்த பிறகு கடைசியில் தன்னுடையதைச் சொல்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் டாங்கி ஓட்டிப் பார்க்கிற நாட்களில் எங்கள் ஜன்னல் கம்பி எல்லாம் கிர்ரென்று அதிரும். அன்றைக்கும் அதிர்ந்துகொண்டிருந்தது. தட்டில் இருந்த தகடுகள் ஒன்றோடொன்று உரசித் தானாகவே மெல்ல நகர்ந்தன. பெஞ்சுக்குப் போக வேண்டியதெல்லாம் போய்விட்டது. தட்டை எடுக்கப் போனேன். சிஸ்டர் விடவில்லை. விரலை அடிவரைக்கும் விட்டு ஒன்றை இழுத்து எடுத்தார்.

சுண்டுவிரல் மடங்கிய கை.

அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெஞ்சைக் காட்டவில்லை. என்னிடம் நீட்டினார். "நோ" என்றார். அதற்கு எந்தப் பாஷையும் தெரிய வேண்டியதில்லை. நான் வாங்கவில்லை. என் கையைத் திருப்பி அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, திரும்பவும் "நோ" என்றார். பிள்ளை தப்பாக எழுதிக் கொண்டுவந்த சிலேட்டைத் திருப்பிக் கொடுக்கிற டீச்சர் முகம் மாதிரி இருந்தது. கோபமில்லை.

பிறகு அந்த இடது கையை என் பக்கம் நீட்டினார். அது எப்போதும் நடுங்கும் கை. கரண்டி பிடித்தால் பாதி கஞ்சி சிந்தும். அன்றைக்கு நடுங்கவில்லை. புடவைக்கு மேலே, என் இடது மார்பில், கட்டி இருந்த அதே இடத்தில் மூன்று விரலை வைத்து அழுத்தினார். தேடவில்லை. நேராக அங்கேயே வைத்தார்.

"தெஸ்தே குவாந்தோ, ஈஹா?"

ஈஹா என்றால் மகளே என்று பிற்பாடு மதர் சொன்னார். எனக்கு அப்போது முதல் இரண்டு வார்த்தைதான் புரிந்தது. நானே மனப்பாடம் பண்ணியது. எத்தனை நாளாக?

"ஆறு மாசமா" என்றேன். தமிழில்தான். என் குரல் எனக்கே கேட்டது. முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். "தவக்காலத்துலேர்ந்து, சிஸ்டர்."

"லே துவேலே முச்சோ?"

"வலிக்கவே இல்ல சிஸ்டர். வலிச்சிருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனே."

"சீ, சீ" என்றார். பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சொல்கிற அதே தோரணை. பிறகு ஐந்தாவது கேள்வியையும் கேட்டார், சாப்பிட்டாயா என்று. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை. நான் குனிந்தபடியே, இடுப்பு விட்டுப்போகிற வரைக்கும் நின்றேன். வெளியே டாங்கி நின்றுவிட்டது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

மதர் நாலு மணிக்கு வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"ஆறு மாசமா? புத்தி இருக்கா உனக்கு? இந்த வீட்டுக்கு வாரம் ரெண்டு தடவை டாக்டர் வாராரு. நீதான் அவருக்குக் காப்பி கொண்டு குடுக்க!"

"வெக்கமா இருந்துச்சு மதர்."

"செத்தா வெக்கம் போயிருமா?"

திட்டிவிட்டு அழுதார். உடம்பு சரியாகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, என்னை டாக்டரின் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய், பக்கத்தில் நின்று காட்ட வைத்தார். டாக்டர் ஒரு சீட்டு எழுதி, திங்கட்கிழமையே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, அவர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அதுதான் தோதான நேரம். பின்னால் நின்று சொன்னேன். செயினைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றியது.

"எந்தப் பக்கம்?"

"இடது."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டு வரேன்" என்று எழுந்தார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "நான் இன்னா புலியா கரடியாமே? என்னாண்ட சொல்ல இன்னா?" என்றார். மறுபடி போய்விட்டார்.

திங்கட்கிழமை அம்பத்தூரில் ரயில் ஏறினோம். நல்ல கூட்டம். வழி நெடுக அவர் என் இடது பக்கம் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் இடிக்காமல் நின்று வந்தார்.

அது அந்த நோய்தான். ஒரு பக்கம் முழுசாக எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர் வைத்தியத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். அக்குள் வரைக்கும் தோல் கறுத்து உரிந்தது. இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் எடுத்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டரம்மா மதரிடம் சொல்லியிருக்கிறார். இதை நான் எழுதுகிறேன் என்றால் பிழைத்துவிட்டேன் என்றுதானே அர்த்தம். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மதர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். சிஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மதர் ஒரு பழத்தை உரித்து முடித்தார்.

"முனகுறது நின்னு போச்சு."

"எப்போலேர்ந்து மதர்?"

"நீ வந்து எங்கிட்ட சொன்ன பாரு, அன்னைக்குத்தான் கடைசி. அன்னைக்கும் காலையில மட்டும்தான் முனகினதா சொன்னாங்க. அப்புறம் ஒரு சத்தம் இல்ல. கஞ்சி குடிக்காங்க. நல்லாத் தூங்குதாங்க. டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தாரு. வலி எங்கயும் இல்லைங்காரு."

மதர் ஒரு சுளையைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

"அவங்க நர்ஸ் இல்லையா" என்றார் மதர். "நீ குடம் தூக்குறதைப் பார்த்திருப்பாங்க. ஒரு பக்கமா ஒதுங்கி ஒதுங்கி நடந்திருப்ப. முப்பது வருஷத்து அனுபவம், கண்ணு கண்டுபிடிச்சிருக்கும்."

"இருக்கும் மதர்."

"அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நெற்றியிலிருந்து மார்பு வரைக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் எனக்கு வலியே இருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். இரண்டு மாதம் தினமும் பம்ப்செட் மாதிரி கேட்ட அந்த வலி யாருடையது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிற்பாடு கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில், என் பாவங்களைச் சொல்லி முடித்ததும், சாமியாரிடம் இதையும் சொல்லிக் கேட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, "நன்றி சொல்லி ஜெபம் பண்ணும்மா" என்றார். யாருக்கு நன்றி என்று அவரும் சொல்லவில்லை.

மதர் போன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட அப்படிப் பயப்படவில்லை. கட்டுப் போட்ட இடம் சூடாகத் துடித்தது. இப்போதுதான் அது வலித்தது, முதல் தடவையாக. இது என் வலி, எனக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் அன்று மத்தியானம்தான் ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். பூந்தமல்லிக்காரி. என்னைவிட வயது குறைவு. வந்ததிலிருந்து முந்தானையை இழுத்துக் கழுத்து வரைக்கும் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூட வந்த மாமியார் டீ வாங்கப் போயிருந்தாள். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னாக்கா உங்களுக்கு?"

பழைய நானாக இருந்தால் உடம்பு சரியில்ல என்றிருப்பேன்.

"மார்ல கட்டி. இடது பக்கம். எடுத்துட்டாங்க."

அவள் பதறிப்போய் வாசலைப் பார்த்தாள். துடைப்பத்தோடு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். "அய்யோ, மெதுவா பேசுக்கா. ஆம்பளைங்க கீறாங்க."

"இருக்கட்டும்" என்றேன். "உனக்கு எத்தனை நாளா?"